ஃபிளட்டர் ஆப்பில் டேட்டாபேஸ் மந்தம்: நேட்டிவில் திரும்ப எழுதினால் தீருமா?

#1 · சாரல்

வணக்கம். கள ஆய்வாளர்களுக்கான ஆஃப்லைன் செயலி ஒன்றை, டார்ட் மொழியில் ஒருமுறை எழுதினால் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டிலும் ஓடும் ஃபிளட்டரில் எழுதியிருக்கிறோம். நெட் இல்லாத இடத்தில் பதிவுகளைச் சேர்த்துவைத்து, கிடைத்ததும் சர்வரோடு ஒத்திசைக்கும் வகை. உள்ளே எஸ்க்யூலைட் (போனிலேயே ஒரு ஃபைலாக இருக்கும் டேட்டாபேஸ்), ஃபிளட்டரில் இருந்து அதைத் தொட எஸ்க்யூஃப்ளைட் பேக்கேஜ். ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. பதிவுகள் 40,000-ஐத் தாண்டியதும் பட்டியல் திரை திறக்கவே திணறுகிறது. விரலால் தள்ளினால் திக்கித் திக்கி நகர்கிறது. முதல் ஒத்திசைவு முடிவதற்குள் பயனர் பொறுமை இழந்து ஆப்பை மூடிவிடுகிறார்.

குழுவில் ஒருவர் அதே திரையை நேட்டிவாக, அதாவது ஆண்ட்ராய்டுக்கு மட்டும், கோட்லின் மொழியும் ரூம் என்ற டேட்டாபேஸ் லைப்ரரியும் வைத்து எழுதிக் காட்டினார். கண்ணுக்கே தெரிகிற வேகம். "கிராஸ் பிளாட்ஃபார்ம் என்றாலே டேட்டாபேஸ் இப்படித்தான், நேட்டிவுக்குப் போய்விடலாம்" என்று மேலாளர் கிட்டத்தட்ட முடிவே எடுத்துவிட்டார். ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் தனித்தனியாக எழுத எங்களிடம் ஆள் இல்லை. உண்மையிலேயே வேறு வழி கிடையாதா?

#2 · கோட்லின்காரன்

ப்ரோ, நேராவே சொல்லிடறேன். நடுவுல ஒரு அடுக்கு கூடினா அதுக்குண்டான விலையைக் குடுத்துத்தான் ஆகணும். ரூம்ல மெயின் த்ரெட்ல, அதாவது திரையை ஓட்டற த்ரெட்ல, குவெரி (டேட்டாபேஸ்கிட்ட கேக்கற கேள்வி) போட்டா எக்செப்ஷன் அடிச்சுத் தடுத்துடும், டேட்டா மாறினா தானே சொல்ற ஃப்ளோ இருக்கு, பக்கம் பக்கமா எடுக்கற பேஜிங் லைப்ரரி இருக்கு. டேட்டா கனமான ஆப்புக்கு நேட்டிவ்தான். மேலாளர் சொல்றது சரி.

#3 · அடித்தளம்

அவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு எழுத வேண்டாம். ரூமுக்கு அடியில் ஓடுவதும் எஸ்க்யூலைட், எஸ்க்யூஃப்ளைட்டுக்கு அடியில் ஓடுவதும் எஸ்க்யூலைட். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டு இன்றுவரை வளர்ந்துகொண்டிருக்கும் அதே சி நிரல். ஆண்ட்ராய்டில் எஸ்க்யூஃப்ளைட் கூப்பிடுவது ஆண்ட்ராய்டின் சொந்த டேட்டாபேஸ் கிளாஸைத்தான். குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பிளானர் ஒன்று, டேட்டாவை அடுக்கும் பி-ட்ரீ ஒன்று, டிஸ்க்கில் இருக்கும் ஃபைலும் ஒரே வடிவம். டார்ட்டில் இருந்து கூப்பிட்டதால் இண்டெக்ஸ் தேடல் மெதுவாகிவிடாது.

விடை கிடைத்த பிறகுதான் பாதைகள் பிரிகின்றன. எஸ்க்யூஃப்ளைட்டில் குவெரி பின்னணி த்ரெட்டில் ஓடுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கிடைத்த ரோக்கள் அத்தனையும் பைட்டுகளாகக் கட்டப்பட்டு, நேட்டிவ் பக்கத்தையும் டார்ட்டையும் இணைக்கும் பிளாட்ஃபார்ம் சேனல் வழியாக டார்ட் பக்கம் போகின்றன. அங்கே கட்டைப் பிரித்து லிஸ்ட், மேப் என்று ஆக்கும் வேலை, திரைக்குப் பொறுப்பான அதே ஐசோலேட்டில் (டார்ட்டில் த்ரெட் போன்றது) நடக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவினாடி, 120 ஹெர்ட்ஸில் 8.3. அந்த நேரத்தைப் பிரிக்கும் வேலை தின்றுவிட்டால் திரை திக்கும். பயனர் "டேட்டாபேஸ் ஸ்லோ" என்பார். டேட்டாபேஸ் தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்.

நேட்டிவிலும் கடப்பு உண்டு என்பதைக் கோட்லின் அன்பர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டின் டேட்டாபேஸ் கிளாஸ் வழியாகப் போனால் ரோக்கள் கர்சர்விண்டோ என்ற 2 எம்பி பெட்டியில் நிரப்பப்பட்டு, ஒவ்வொரு செல்லும் ஜேஎன்ஐ (சி நிரலைத் தொடும் வாசல்) வழியாகக் கோட்லினுக்கு வருகிறது. விடை 2 எம்பிக்கு மேல் போனால், பெட்டியைத் தாண்டி நகரும்போது அந்தக் குவெரி மறுபடி முதலில் இருந்து ஓடி, பார்த்த ரோக்களைத் தாண்டிவந்து பெட்டியை நிரப்பும். இது தெரியாமல் நேட்டிவில் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

சாரல், மூன்று விஷயம் சொல்லுங்கள்: பட்டியல் திரையின் குவெரி என்ன, அதற்குள் லூப் ஏதும் உண்டா, ஒத்திசைவில் இன்செர்ட் எப்படிப் போடுகிறீர்கள்?

#4 · கோட்லின்காரன்

அதோட இன்னொண்ணு, டீபக் பில்டுல (பிழை தேடறதுக்கான பதிப்பு) அளந்தீங்களா? டீபக்ல டார்ட் ஜேஐடில, அதாவது ஓடும்போதே மொழிபெயர்த்துக்கிட்டு ஓடும், அந்த நம்பரை வெச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது. நேட்டிவ் ஆள் நானே சொல்றேன்.

#5 · சாரல்

வேகம் அளப்பதற்கான புரொஃபைல் மோடில், நிஜ போனில்தான் அளந்தோம்.

குவெரி: பதிவுகள் டேபிளில் செலக்ட் ஸ்டார் (எல்லா காலமும், அதாவது எல்லா நெடுவரிசையும்), நிலை 'நிலுவை' என்று இருப்பவை, தேதியின் இறங்குவரிசையில். இத்தனை ரோ போதும் என்ற லிமிட் இல்லை. வந்த ஒவ்வொரு பதிவுக்கும் அதன் கடைசிக் குறிப்பை 'குறிப்புகள்' டேபிளில் இருந்து லூப்பில் எடுக்கிறோம். சிறுபடம் பதிவுகள் டேபிளிலேயே பிளாப் ஆக (வெறும் பைட்டுகளாக) இருக்கிறது. ஒத்திசைவில் ஒரு பதிவுக்கு ஒரு இன்செர்ட், ஒவ்வொன்றும் முடியும்வரை அவெய்ட்.

கோட்லின் மாதிரியில் பேஜிங் லைப்ரரி போட்டிருந்தார். தேவையான காலம்களை மட்டும் எடுத்தார், குறிப்பை இரண்டு டேபிளையும் இணைக்கும் ஜாயினில் கொண்டுவந்தார்.

#6 · மின்மினி

அப்போ அங்கே போட்டி போட்டது ரெண்டு குவெரி. மொழிகள் சும்மா வேடிக்கை பார்த்திருக்கு :)

#7 · அடித்தளம்

மின்மினி சொன்னதுதான். ஆனாலும் சாரல் எழுதிய அந்த லூப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நேட்டிவுக்கும் கிராஸ் பிளாட்ஃபார்முக்கும் உள்ள நிஜமான வேறுபாடு அதற்குள்தான் இருக்கிறது.

பட்டியலுக்கு ஒரு குவெரி, பிறகு ரோவுக்கு ஒரு குவெரி என்று போடுவதை எல்லா டேட்டாபேஸ் பாடத்திலும் தவறு என்பார்கள். எஸ்க்யூலைட்டின் ஆவணம் மட்டும் "எங்களிடம் சின்னச் சின்னக் குவெரி நூற்றுக்கணக்கில் போட்டாலும் பரவாயில்லை" என்கிறது. காரணம் எளிது: சர்வர் இல்லை, நெட்வொர்க் இல்லை, குவெரி என்பது அதே புரோசஸுக்குள் ஒரு ஃபங்ஷன் அழைப்பு. ஸ்விஃப்டில் இருந்து சி-யை நேரடியாகக் கூப்பிடுபவருக்கு இது முழுக்கப் பொருந்தும். கோட்லினுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

சேனல் வழியாகப் போகும்போது அந்தச் சலுகை பறிபோகிறது. ஒவ்வொரு சின்னக் குவெரியும் கட்டுதல், த்ரெட் மாறுதல், பிரித்தல், மறுபடி அதே வரிசையில் திரும்பி வருதல் என்று ஒரு முழுச் சுற்று. பக்கத்திலேயே இருக்கும் டேட்டாபேஸை நெட்வொர்க்குக்கு அப்பால் இருக்கும் டேட்டாபேஸ் போல ஆக்கிக்கொள்கிறோம். கிணறு வாசலிலேயே இருந்தும் டம்ளரில் மொண்டு தொட்டியை நிரப்புகிற கதை. ஆகவே குவெரியின் வேகத்தைக் கவனிப்பதற்கு முன்னால் எத்தனை முறை கடக்கிறோம், ஒவ்வொரு முறையும் எவ்வளவு தூக்கி வருகிறோம் என்பதை எண்ணுங்கள்.

இன்செர்ட் கதை வேறு. அது எந்த மொழியில் எழுதினாலும் மந்தமாகத்தான் இருக்கும். டிரான்சாக்‌ஷன் என்பது முழுக்க நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற உறுதியோடு போடும் ஒரு கட்டு. டிரான்சாக்‌ஷன் சொல்லாமல் போடும் ஒவ்வொரு இன்செர்ட்டும் தானே ஒரு டிரான்சாக்‌ஷன், ஒவ்வொன்றின் முடிவிலும் டிஸ்க்கில் உறுதியாக எழுதும்வரை காத்திருப்பு. சாதாரணக் கணினியில் நொடிக்கு 50,000 இன்செர்ட் எளிதாகப் போகும், டிரான்சாக்‌ஷன் என்றால் சில டஜன்தான் என்று எஸ்க்யூலைட்டின் கேள்வி-பதில் பக்கத்திலேயே இருக்கிறது. அது சுழலும் டிஸ்க் காலத்துக் கணக்கு. போனின் ஃபிளாஷில் எண் மாறும், விகிதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மாறாது. எஸ்க்யூஃப்ளைட்டில் பேட்ச் இருக்கிறது. அதில் சில நூறு இன்செர்ட்டைச் சேர்த்து, விடை வேண்டாம் என்று சொல்லிக் கமிட் செய்தால் சேனலில் ஒரே பயணம், டிஸ்க்கில் ஒரே டிரான்சாக்‌ஷன். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து.

டபிள்யூஏஎல் மோடையும் (மாற்றங்களை முதலில் தனிப் பதிவேட்டில் எழுதும் முறை) பாருங்கள். 2010-இல் 3.7.0 பதிப்பில் வந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே படிக்கலாம், படிப்பவர் எழுதுபவரைத் தடுக்க மாட்டார். எழுதுபவர் மட்டும் எப்போதும் ஒருவரே. மெமரி குறைந்த போன்களைத் தவிர மற்றவற்றில் ரூம் தானாகவே அதைப் போட்டுக்கொள்ளும், எஸ்க்யூஃப்ளைட்டில் நாம் சொல்ல வேண்டும். உங்கள் கோட்லின் மாதிரிக்குச் சத்தமில்லாமல் கிடைத்த இன்னொரு சாதகம் இது.

பிளாப் பற்றி: சின்னப் படங்களை டேட்டாபேஸுக்குள் வைப்பது தவறு இல்லை. 10 கேபி அளவுள்ளவற்றைத் தனித்தனி ஃபைலில் இருந்து படிப்பதைவிட எஸ்க்யூலைட்டில் இருந்து படிப்பது வேகம் என்று அவர்களே அளந்து காட்டியிருக்கிறார்கள். செலக்ட் ஸ்டார் போட்டு அத்தனை படத்தையும் சேனலில் ஏற்றுவதுதான் சிக்கல். இன்னொன்று, 'நிலை' காலம் பிற்பாடு ஆல்டர் டேபிள் கட்டளையில் சேர்த்ததா? அப்படியானால் அது பிளாபுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். எஸ்க்யூலைட் ஃபைலைப் பக்கங்களாகப் பிரித்து வைக்கிறது, ஒரு பக்கம் வழக்கமாக 4096 பைட். படம் அதைவிடப் பெரிது என்றால் மிச்சம் ஓவர்ஃப்ளோ பக்கங்களில் சங்கிலியாகப் போகும். பின்னால் இருக்கும் அந்தச் சின்ன 'நிலை'யைப் படிக்க எஸ்க்யூலைட் அந்தச் சங்கிலி முழுக்க நடந்தாக வேண்டும், ஒவ்வொரு ரோவுக்கும். படத்தைத் தனி டேபிளுக்கு மாற்றுங்கள்.

#8 · பாலம்

ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் கிராஸ் பிளாட்ஃபார்ம் கருவியான ரியாக்ட் நேட்டிவ் பக்கமும் இதே கதைதான், சொல்லிவைக்கிறேன். ஜாவாஸ்கிரிப்டையும் நேட்டிவையும் இணைத்த பழைய பிரிட்ஜில் எல்லாமே ஜேசான் என்ற எழுத்துச் சரமாகி, வரிசையில் நின்று போகும். ஆயிரம் ரோ கேட்டால் ஆயிரம் ரோவும் ஜேசான். ஜேஎஸ்ஐ வந்தபிறகு ஜாவாஸ்கிரிப்டில் இருந்து சி++ ஃபங்ஷனை நேராகக் கூப்பிடலாம். 2024-இல் வந்த 0.76 பதிப்பு முதல் புதிய கட்டமைப்பே இயல்பாக வருகிறது. ஓபி-எஸ்க்யூலைட் மாதிரி லைப்ரரிகள் அதன் மேல்தான் நிற்கின்றன.

ஒரு எச்சரிக்கை. ஜேஎஸ்ஐயில் சிங்க்ரனஸாக, அதாவது விடை வரும்வரை காத்திருந்து, கூப்பிட முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே கூப்பிட்டால், குவெரி முடியும்வரை ஜாவாஸ்கிரிப்ட் த்ரெட் நின்றுபோகும். பிரிட்ஜ் காலத்தில் தாமதம் இருந்தது, ஆனால் அந்தத் த்ரெட் இடையில் வேறு வேலை பார்த்தது. பிரைமரி கீயை வைத்து ஒரே ரோவை எடுப்பதற்கு சிங்க்ரனஸ் அருமை. தேடல், கூட்டல், வரிசைப்படுத்தல் என்றால் காத்திருக்காத அசிங்க் அழைப்புதான்.

அப்புறம் எளிய கீ-மதிப்புச் சேமிப்பான அசிங்க்ஸ்டோரேஜை டேட்டாபேஸாகப் பயன்படுத்தி "ரியாக்ட் நேட்டிவ் மந்தம்" என்பவர்களிடம் என்ன பேசுவது? ஆண்ட்ராய்டில் அதன் இயல்பான வரம்பே 6 எம்பி.

#9 · தும்பி

எதுக்கு எஸ்க்யூலைட்? ஹைவ்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, அதைப் போடுங்க, ஜாயின் தொல்லையே இல்லை. முழுக்க டார்ட், சேனல் இல்லை, பறக்கும்.

#10 · மின்மினி

தும்பி, பறக்கும்தான், ஏன்னா சாதாரண பாக்ஸை (ஹைவோட டேபிள் மாதிரி) திறந்ததுமே உள்ளே இருக்கிற எல்லாத்தையும் மெமரிக்குக் கொண்டுவந்துடும். செட்டிங்ஸ், லாகின் டோக்கனுக்கு அருமை. 40,000 பதிவை நிலை, தேதி, பகுதின்னு மூணு விதமா வடிகட்டணும்னா இண்டெக்ஸை நீங்களே கையால எழுதிக்கிட்டு இருப்பீங்க. தேவைப்படும்போது மட்டும் படிக்கிற லேஸி பாக்ஸ் மெமரியைக் காப்பாத்தும், வடிகட்டலுக்கு உதவாது.

இன்னொரு கவலையும் உண்டு. ரெல்ம்னு ஒரு மொபைல் டேட்டாபேஸ் எவ்வளவு நல்லா இருந்துச்சு! 2019-ல மோங்கோடிபி வாங்குச்சு, 2024-ல அதோட ஒத்திசைவு சேவையை நிறுத்தப்போறோம்னு அறிவிச்சுட்டாங்க. அதை நம்பிக் கட்டினவங்க எல்லாரும் இடம் மாத்த வேண்டியதாச்சு. எஸ்க்யூலைட் குழு 2050 வரைக்கும் ஆதரவு தர்றதா எழுதியே வெச்சிருக்கு. ஆய்வுப் பதிவு மாதிரி பல வருஷம் நிக்கவேண்டிய டேட்டாவுக்கு நான் வேற எதையும் தொடமாட்டேன்.

சாரல், எஸ்க்யூஃப்ளைட்டிலேயே இருந்தாகணும்னு இல்லை. டிரிஃப்ட்னு ஒரு டார்ட் லைப்ரரி இருக்கு, பாருங்க. அது டார்ட்டோட எஃப்எஃப்ஐ (சி நிரலைக் கூப்பிடற வசதி) வழியா எஸ்க்யூலைட்டை நேரா கூப்பிடும், பிளாட்ஃபார்ம் சேனலே கிடையாது. பின்னணி ஐசோலேட்டிலேயே டேட்டாபேஸைத் திறக்கலாம், அப்போ ரோவைப் பிரிக்கிற வேலை திரை ஐசோலேட்டுக்கு வராது. எஃப்எஃப்ஐயை அப்படியே மெயின் ஐசோலேட்ல போட்டா பாலம் சொன்ன அதே வம்புதான், குவெரி முடியறவரைக்கும் திரை உறைஞ்சு நிக்கும்.

#11 · கோட்லின்காரன்

சரி, வேகம் விஷயத்துல பாதி ஒத்துக்கிறேன். ஆனா நீங்க யாரும் தொடாத ஒரு இடம் இருக்கு. ஒத்திசைவு பின்னணியில ஓடணும்னா ஆண்ட்ராய்டுல ஒர்க்மேனேஜர், ஐஓஎஸ்ல அதோட சொந்த ஏற்பாடு. பல பேர் அந்தப் பகுதியை மட்டும் நேட்டிவ்ல எழுதுவாங்க. இப்போ ஒரே ஃபைலை ரெண்டு பக்கமும் திறக்குது. நேட்டிவ் பக்கம் எழுதினது, மாற்றத்தைத் திரைக்குச் சொல்ற டார்ட் ஸ்ட்ரீமுக்குத் தெரியாது, திரை பழைய பட்டியலையே காட்டிக்கிட்டு நிக்கும். டிரிஃப்ட் தன் வழியா போன எழுத்தை மட்டும்தான் கவனிக்கும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எழுதப் போனா 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு'ன்னு பிழை வரும். எல்லாமே ரூம்ல இருந்தா இந்தத் தலைவலி பாதி இல்லை.

#12 · அடித்தளம்

இதில் உங்களோடு உடன்படுகிறேன், கோட்லின்காரன். இந்த இழையில் நேட்டிவுக்காக வைக்கப்பட்ட வாதங்களில் இதுதான் கனமானது. எழுதுவது ஒரே பக்கமாக இருக்கட்டும். அதை மீறினால் லாக்குக்குக் காத்திருக்கும் நேரத்தையாவது பிராக்மா என்ற அமைப்புக் கட்டளையில் சொல்லிவையுங்கள். டேட்டா அடுக்கை மட்டும் பொதுவில் வைத்துத் திரையை நேட்டிவில் எழுதும் வழியும் இருக்கிறது: கோட்லின் நிரலை ஐஓஎஸ்ஸிலும் ஓட்டும் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்மில் எஸ்க்யூஎல்டிலைட் லைப்ரரி, அல்லது 2.7 பதிப்பு முதல் ரூமே. புதிதாகத் தொடங்குபவர் அதை யோசிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஃபிளட்டர் ஆப்பை அதற்காக இடிப்பது வீண்.

#13 · ஆப்பிள்பக்கம்

ஐஓஎஸ்ஸில் ஒரு பொறி. விட்ஜெட்டோடு பகிர்வதற்காக டேட்டாபேஸ் ஃபைலை ஆப் குரூப் ஃபோல்டரில் வைத்திருந்தால், ஆப் உறங்கப்போகும் நேரத்தில் எழுதும் லாக் கையில் இருந்தால் இயங்குதளம் ஆப்பைக் கொன்றுவிடும். ஸ்விஃப்டில் எழுதினாலும் டார்ட்டில் எழுதினாலும் ஒரே தண்டனை. பெரிய டிரான்சாக்‌ஷனைத் துண்டுதுண்டாக வெட்டுங்கள். ஆப்பிளின் சொந்த கோர் டேட்டாவுக்குப் போனால் வேகம் தானாக வரும் என்று நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன்: வழக்கமாக அதற்கும் அடியில் எஸ்க்யூலைட்தான். உறவுகளை லூப்பில் தொட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குவெரி அங்கேயும் ஓடும்.

#14 · சாரல்

எல்லோருக்கும் நன்றி. அடித்தளம் சார், 'நிலை' பிற்பாடு சேர்த்ததேதான், பிளாபுக்குப் பின்னால். மாற்றும் முன் ஒரு கேள்வி. நேரம் குவெரியில் போகிறதா, சுமந்து வருவதில் போகிறதா என்று பிரித்துப் பார்ப்பது எப்படி? அதே குவெரியை உள்ளே வைத்து, வெளியே கவுண்ட் ஸ்டார் (ரோக்களின் எண்ணிக்கை) போட்டுப் பார்த்தால் போதுமா? ஒரே ரோதானே திரும்பி வரும்.

#15 · அடித்தளம்

யோசனை சரி, கவுண்ட் மட்டும் ஏமாற்றும். வெளியே எண்ணிக்கைதான் வேண்டும் என்று தெரிந்ததும் எஸ்க்யூலைட் உள்ளே இருக்கும் காலம்களைத் தொடவே தொடாது. புதிய பதிப்புகள் வரிசைப்படுத்தும் ஆர்டர் பை பகுதியையும் தூக்கி எறியக்கூடும். உள்ளே லிமிட்டோடு வைத்து, வெளியே டெக்ஸ்ட் காலம்களின் நீளத்தைக் கூட்டச் சொல்லுங்கள். நீளம் தெரிய எழுத்துகளைப் படித்தே ஆக வேண்டும். அந்த நேரம் எஞ்சினுடையது. முழுக் குவெரிக்கு ஆகும் நேரத்தில் இதைக் கழித்தால் மிச்சம் பெரும்பாலும் சுமைக்கூலி. கூடவே குவெரி எந்த வழியில் ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் குவெரி பிளான் போட்டு வரும் வரிகளை இங்கே ஒட்டுங்கள்.

#16 · சாரல்

பிளானில் இரண்டு வரி: 'ஸ்கேன் பதிவுகள்', அடுத்து 'யூஸ் டெம்ப் பி-ட்ரீ ஃபார் ஆர்டர் பை'. அதாவது டேபிள் முழுக்கப் படித்து, தற்காலிகமாக ஒரு மரம் கட்டி வரிசைப்படுத்துகிறது. நிலை, தேதி இரண்டையும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் போட்டதும் 'சர்ச் பதிவுகள் யூசிங் இண்டெக்ஸ்' என்று மாறியது, டெம்ப் வரி காணாமல் போனது.

பிறகு படத்தைத் தனி டேபிளுக்கு மாற்றினோம், லூப்பை ஜாயின் ஆக்கினோம், இன்செர்ட்டைப் பேட்சில் போட்டோம். அடுத்த பக்கத்துக்கு, இத்தனை ரோவைத் தாண்டு என்ற ஆஃப்செட் இல்லாமல், கடைசியாகப் பார்த்த தேதி, ஐடிக்குக் கீழே உள்ளவை என்று கேட்கிறோம். பட்டியல் இப்போது கோட்லின் மாதிரிக்குப் பக்கத்தில் வைத்துத் தள்ளினாலும் வேறுபாடு தெரியவில்லை. முதல் ஒத்திசைவில் மட்டும் திரை இன்னும் லேசாகத் திக்கியது. டிரிஃப்டுக்கு மாறி, டேட்டாபேஸைப் பின்னணி ஐசோலேட்டில் திறந்ததும் அதுவும் நின்றது. மேலாளர் நேட்டிவ் பேச்சைத் தள்ளிவைத்திருக்கிறார். பின்னணி ஒத்திசைவுக்காக மறுபடி எடுப்பார் என்று நினைக்கிறேன். கோட்லின்காரன் சொன்ன காரணத்தையே சொல்கிறார்.

இதற்கு நடுவில் வேறொன்று: எழுதிய அப்செர்ட் குவெரி (பதிவு இருந்தால் மாற்று, இல்லை என்றால் சேர்) புதிய போனில் ஓடியது, ஆண்ட்ராய்டு 10 போனில் எஸ்க்யூஃப்ளைட்டில் சின்டாக்ஸ் பிழை என்றது. டிரிஃப்டில் சரியாகிவிட்டது. ஏன்?

#17 · மின்மினி

ஆண்ட்ராய்டு 10-ல கூட வர்றது எஸ்க்யூலைட் 3.22. அப்செர்ட் 3.24-லதான் வந்துச்சு. நேட்டிவ்ல ரூம் வெச்சு அதே எஸ்க்யூஎல்லை எழுதியிருந்தாலும் அதே பிழைதான், ரெண்டுமே போன்ல இருக்கிறதைத்தான் எடுக்கும். டிரிஃப்டோட நீங்க போட்ட பேக்கேஜ் தன்னோட எஸ்க்யூலைட்டை ஆப்புக்குள்ளேயே கொண்டுவருது. ஆப் கொஞ்சம் பெருசாகும், ஆனா எல்லா போன்லயும் ஒரே பதிப்பு. எனக்கு அது வேகத்தைவிடப் பெரிய லாபம்.

#18 · சாரல்

அப்படியானால் எஸ்க்யூலைட்டின் முழு உரைத் தேடலான எஃப்டிஎஸ்5-ஐயும் நம்பிப் பயன்படுத்தலாம். போட்டுப் பார்த்தேன், தமிழில் விசித்திரமாக இருக்கிறது. 'கல்' என்று தேடினால் 'கலை', 'கலி' எல்லாம் வருகின்றன. 'சொல்' தேடினால் 'செல்' வருகிறது. டிரிஃப்டின் கோளாறா?

#19 · அடித்தளம்

டிரிஃப்டுக்குச் சம்பந்தமே இல்லை. எஃப்டிஎஸ்5-இன் இயல்பான டோக்கனைசர் (உரையைச் சொற்களாக வெட்டும் பகுதி) யூனிகோட்61. அதன் கணக்கில் யூனிகோடில் எழுத்து, எண் என்று வகைப்படுத்தியவை மட்டுமே சொல்லின் பகுதி, மற்றவை எல்லாம் பிரிப்பான்கள். தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 'மார்க்' என்ற வகையில் இருப்பதால் அவை இடைவெளிபோலக் கழிக்கப்படுகின்றன. 'கல்', 'கலை', 'கலி' மூன்றும் 'கல' ஆகிவிடும். 'சொல்', 'செல்' இரண்டும் 'ச', 'ல' என்று இரண்டு துண்டாகும். நேட்டிவில் எழுதினாலும் இதே விடைதான் வந்திருக்கும்.

டேபிள் உருவாக்கும்போது டோக்கனைசருக்குக் கேட்டகரீஸ் என்ற அமைப்பைக் கொடுத்து, வழக்கமான வகைகளோடு எம்என், எம்சி என்ற இரண்டு 'மார்க்' வகைகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். உருவாக்கிய டேபிளில் பிறகு இதை மாற்ற வழியில்லை. டேபிளை நீக்கி, புதிதாக உருவாக்கி, மூல டேபிளில் இருந்து மறுபடி நிரப்ப வேண்டும். அதையும் ஒரே டிரான்சாக்‌ஷனில், பின்னணி ஐசோலேட்டில் செய்யுங்கள். ஐஓஎஸ்ஸில் ஃபைல் ஆப் குரூப்பில் இருந்தால் மட்டும் ஆப்பிள்பக்கம் சொன்னபடி துண்டாக வெட்டுங்கள்.